முஹிந்தி வீட்டுக் களி

1

போன வாரம் வேலை அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க நைரோபி போயிருந்தேன். கென்யாவுக்கு நாங்கள் வந்து பத்து வருடம் ஆகிவிட்டது என்பதை நினைவுபடுத்தியது அந்த ஆபீஸ்தான். வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

ஒவ்வொரு முறையும் அதே படிவம். அதில் ஒரு கேள்வி: இந்த வேலையைச் செய்ய இந்நாட்டுக் குடிமகன் யாரும் கிடைக்காததற்குக் காரணம் என்ன? நான் தாவரவியல் வாத்தியார். பத்து வருடத்தில் என்னிடம் படித்து வெளியே போனவர்களில் சிலராவது என் வேலையை என்னைவிட நன்றாகச் செய்வார்கள். அதை எழுதினால் சீட்டு கிடைக்காது. ஆகவே 'தகுந்த ஆள் இல்லை' என்று எழுதுகிறேன். அதாவது, என் வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அந்த வேலையில் நீடிக்கிறேன்.

இந்த முறை கவுன்ட்டருக்குள் உட்கார்ந்திருந்தவன் என் பழைய மாணவன். தாள்களைப் புரட்டிவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரனிடம் என்னைக் காட்டி, "ம்வாலிமு களி சானா" என்றான். நான் சிரித்துவிட்டேன்.

சுவாஹிலியில் களி என்றால் கோபம், உக்கிரம், கடுமை. 'ரொம்பக் கண்டிப்பான வாத்தியார்' என்று அவன் என்னைப் பாராட்டியிருக்கிறான். வந்த புதிதில் இது தெரியாது. இங்கே வசதியான வீடுகளின் கேட்டில் 'ம்ப்வா களி' என்று பலகை தொங்கும். ம்ப்வா என்றால் நாய். நாய்க்குக் களி போடுகிற வீடு என்பதைப் பலகை எழுதி மாட்டுவானேன் என்று குழம்பினேன். எங்கள் ஊரிலும் நாய்க்குக் களிதான். ஆனால் விளம்பரம் செய்வதில்லை.

"ஏன் சார் சிரிக்கிறீர்கள்?" என்று அவன் கேட்டான். அந்தச் சொல்லுக்காக என் மனைவி இரண்டு நாள் ஊசி குத்துப்பட்ட கதையை அவனிடம் சொல்லியிருக்கலாம். எனக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். அவனிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்குத் தெற்கே மூன்று மைல். காலையில் முந்தின நாள் களியைக் கரைத்த கூழ், மத்தியானம் களி, ராத்திரியும் களி. அரிசிச் சோறு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் மட்டும். அன்றன்றைய உணவைத் தரச் சொல்லி ஜெபிக்கும்போதெல்லாம் 'களி தவிர' என்று மனதுக்குள் சேர்த்துக்கொள்வேன். ஆண்டவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காவிரி ஒகேனக்கல்லில், எங்கள் மாவட்டத்தில்தான் விழுகிறது. விழுகிற சத்தம் எங்களுக்கு, தண்ணீர் தஞ்சாவூருக்கு. எங்கள் செம்மண் வானத்தைப் பார்த்தபடி கிடக்கும். அந்த மண்ணில் முகம் சுளிக்காமல் விளைவது ராகி ஒன்றுதான்.

சேலத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நாள். சோறு போட்டார்கள். நான் பழக்க தோஷத்தில் சோற்றை உருட்டி, குழம்பில் முக்கி, மெல்லாமல் அப்படியே விழுங்கினேன். களியை மெல்ல மாட்டார்கள், விழுங்குவார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவன் அதைப் பார்த்துவிட்டு மொத்தப் பந்திக்கும் சொன்னான். அன்றிலிருந்து நான்கு வருடம் என் பெயர் களி. பட்டம் வாங்கிய நாளில், இனி என் வீட்டில் ராகி நுழையாது என்று முடிவு செய்தேன். வேறு எந்தக் கொள்கையும் எனக்கு அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

கல்யாணம் ஆனது. மனைவி புஷ்பம், தொப்பூர்ப் பக்கம். வந்த முதல் வாரமே களி கிண்டி வைத்தாள்.

"நம்ம வூட்டுல இது வேண்டாம்" என்றேன்.

"ஏங்க, உங்க ஒடம்புக்கு ஆவாதுங்களா?"

"ஆவாது."

அத்தோடு விட்டுவிட்டாள். அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார். மழை பொய்த்த வருடங்கள். ரேஷனில் அமெரிக்காவின் மைலோ சோளம் போட்டார்கள். ஊரே அதையும் களியாகக் கிண்டித் தின்றது. நான் மட்டும் எங்கிருந்தாவது அரிசி தேடிக்கொண்டு வருவேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பங்குச் சாமியார், கென்யாவில் ஒரு மிஷன் பள்ளிக்கு விஞ்ஞான ஆசிரியர் வேண்டும் என்று கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். களி இல்லாத ஒரு கண்டத்துக்குப் போகிறோம் என்று நினைத்து விண்ணப்பித்தேன்.

3

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போன இடத்தில் குமாஸ்தா என் பிறப்புச் சான்றிதழை ஒரு கையிலும் விண்ணப்பத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"பொறந்தது சேலம் ஜில்லா. இருக்கறது தருமபுரி ஜில்லா. எப்ப குடி வந்தீங்க?"

"குடி வரலீங்க. அதே வூடுதாங்க. ஜில்லாதான் பிரிஞ்சு போச்சுங்க."

"ஜில்லா எப்படிங்க போவும்? மனுசன்தான் போவான். போனதுக்கு அத்தாட்சி கொண்டாங்க."

நான் எங்கும் போகவில்லை என்பதற்கு அத்தாட்சி வாங்க நான்கு மாதம் ஆயிற்று. அது கிடைத்த பிறகுதான் போக அனுமதித்தார்கள்.

பம்பாயில் கப்பல் ஏறி மொம்பாசாவில் இறங்கினோம். புஷ்பத்தின் இடுப்பில் ஒரு வயது அமலி. சுங்கத்தில் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். புஷ்பத்தின் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியிலிருந்து, எனக்கே தெரியாத ஒரு துணிப்பை வந்தது. அதிகாரி அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினார். செம்பழுப்பாகக் கடுகு மாதிரி உருண்டது ராகி. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"விம்பி!" என்று கூவி, பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், "முஹிந்திகள் அரிசிதானே சாப்பிடுவீர்கள்? இதைச் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார்.

முஹிந்தி என்றால் இந்தியன். நல்லம்பள்ளி ரோட்டில் இந்தி ஒழிக என்று தொண்டை கிழியக் கத்தி ஊர்வலம் போனவன் நான். கடல் தாண்டி வந்ததும் கிடைத்த முதல் பட்டம் அது. அந்தக் கலக்கத்திலோ என்னவோ, "இல்லை இல்லை, மருந்துக்கு" என்றேன்.

வெளிநாட்டு விதை உள்ளே வந்தால் பயிர்நோய் பரவும் என்று பையைப் பறிமுதல் செய்து ரசீது கொடுத்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. புஷ்பத்துக்கு ஆங்கிலம் தெரியாது. வெளியே வந்ததும் கேட்டாள்.

"அந்தாளுகிட்ட என்னங்க சொன்னீங்க?"

"மருந்துக்குன்னு சொன்னேன்."

"மருந்துக்கு ரெண்டு படியா?" என்றாள்.

4

பள்ளிக்கூடம் கிசீ மலைப்பகுதியில் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் காலடியில் செம்மண். எங்கள் ஊர் மண்ணின் அதே நிறம். ஒரே வித்தியாசம், இங்கே தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மழை பெய்யும். நிமிர்ந்து பார்த்தால் மலைச்சரிவு முழுக்க ராகி விளைந்து நின்றது. எதிலிருந்து தப்பி மூவாயிரம் மைல் வந்தேனோ அது எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது.

காத்திருந்தது என்பதுகூடத் தப்பு. இங்குதான் அதன் பிறந்த வீடு. அதை நானே வகுப்பில் நடத்த வேண்டியிருந்தது. ராகியின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் என்று பாடப் புத்தகம் சொன்னது. தேடிப் படித்தபோது இன்னும் மோசம். களிக்குத் தொட்டுக்கொள்ளும் நிலக்கடலைச் சட்னியில் கடலையும் மிளகாயும் தென்னமெரிக்கா. குழம்பில் கரைக்கிற புளியும் ஆப்பிரிக்கா. எங்கள் பரம்பரைச் சாப்பாட்டில் பரம்பரையாக எங்களுடையது உப்பு மட்டும்தான் போலிருக்கிறது. இவை எதனிடமும் எந்த ஜில்லாவில் பிறந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "உங்கள் நாட்டில் விம்பி சாப்பிடுவார்களா, சார்?"

"சில ஏழைகள் சாப்பிடுவார்கள்" என்றேன். பொய்யில்லை. அந்த ஏழைகளின் பெயர்தான் சொல்லவில்லை.

அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் நடராஜன். தஞ்சாவூர்ப் பக்கம். அவரும் அவர் மனைவி கமலாவும் தங்கமான மனிதர்கள். சுற்றுவட்டாரத்தில் தமிழ் பேச நாங்கள் இரண்டு குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவோம். முதல் ஞாயிறே நடராஜன் சார் கேட்டார்.

"உங்க பக்கம் என்ன நெல்லு சார்?"

"கிச்சிலிச் சம்பா."

"காவிரிப் பாசனமா?"

"காவிரியே எங்க ஜில்லாவுலதான சார் விழுது" என்றேன். அவர் மரியாதையோடு தலையாட்டினார். புஷ்பம் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு ஊற்றியது. அன்றிலிருந்து அந்த இரண்டு பேருக்கும் நாங்கள் நஞ்சைக்காரர்கள்.

பள்ளி வேலிக்கு அப்பால் கெரூபோ என்ற பெண்ணின் வீடு. அவள் புருஷன் பள்ளியில் தச்சு வேலை பார்த்தான். அவள் புதன்கிழமைச் சந்தையில் கீரையும் தானியமும் விற்பாள். ஒரு புதன்கிழமை புஷ்பம் சந்தையில் அவள் கடை முன்னால் நின்றுவிட்டாள். மணத்தக்காளிக் கீரை கட்டுக்கட்டாகக் கிடந்தது. பக்கத்துக் கூடையில் ராகி. புஷ்பம் நான்கு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, "ராகி" என்றாளாம். கெரூபோ "விம்பி" என்றாளாம். பிறகு கையால் கிண்டுகிற மாதிரி சைகை காட்டி "உகாலி" என்றாளாம். இங்கே எந்த மாவைக் கெட்டியாகக் கிண்டினாலும் உகாலிதான். "ஆமா, களி!" என்று புஷ்பம் குதித்திருக்கிறாள். உகாலிக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று கெரூபோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த வேடிக்கைக்காகவே அன்றிலிருந்து அவளும் அதைக் களி என்றே சொல்ல ஆரம்பித்தாள். புஷ்பமோ, இந்த ஊரிலும் அதற்குப் பெயர் களிதான், முன்னால் ஒரு 'உ' போட்டும் சொல்வார்கள், போடாமலும் சொல்வார்கள் என்று நம்பிவிட்டாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது அவள் என்னிடம் சொன்னது வேறு.

"புதன்கெழம புதன்கெழம கெரூபோ வூட்டுக்குப் போயி கூடை பின்னக் கத்துக்கறேங்க."

"கத்துக்க" என்றேன். இரண்டு வருடத்தில் ஒரு கூடைகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

5

இரண்டாவது பிரசவத்தின்போது நான் ஊரில் இல்லை. நாற்பது மைல் தள்ளி ஒரு பள்ளியில் செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். நாள் இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஆனால் குழந்தை அவசரப்பட்டுவிட்டான். கமலாதான் புஷ்பத்தை மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அமலியைக் கெரூபோ தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

தகவல் கிடைத்து நான் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடராஜன் சாரும் கமலாவும் நின்றிருந்தார்கள். முகமே சரியில்லை.

"பையன் சார். நல்லா இருக்கான், ஆனா பால் பத்தல" என்றார் நடராஜன். "உங்க வீட்டம்மாதான் ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறாங்க. இவ ரசஞ்சோறு, மோர்சோறு, கஞ்சி எல்லாம் கொண்டாந்து பாத்துட்டா. ரெண்டு வாய் வச்சா குமட்டுது. காய்ச்சல் வேற."

அதற்குள் டாக்டர் கன்னியாஸ்திரீ வந்தார். ஐரோப்பியப் பெண்மணி. சுவாஹிலி அவருக்கும் அரைகுறைதான். கையில் ஒரு தாள்.

"உங்கள் மனைவிக்கு வயிற்றில் கடுமையான வலி. இரண்டு நாளாக நர்ஸுகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஊசி போட்டால் தூங்குகிறாள், எழுந்ததும் மறுபடி அதே புகார். உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது. வேனில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டி வரலாம். கையெழுத்துப் போடுங்கள்."

"என்ன சொன்னாள்?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

நர்ஸ் இளம்பெண். பாவம், அவளும் கலங்கிப்போயிருந்தாள். "சோறு கொண்டுவரும் அம்மா போனதும் என்னைக் கூப்பிடுவார். வயிற்றைத் தொட்டுக் காட்டி, களி, களி என்பார். களி சானாவா என்று கேட்பேன். ரொம்பக் கடுமையா என்று அர்த்தம். ஆமாம் ஆமாம், சானா என்று கையைப் பிடித்துக்கொள்வார். உடனே ஊசி போடுவேன். ஒருமுறை ஊசியைப் பார்த்ததும் அழுதார். வலி அதிகம் போலிருக்கிறது என்று மருந்தைக் கூட்டினோம்."

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. களி நிறைய வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கமலா பக்கத்தில் இருக்கும்போது வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நஞ்சைக்காரன் மானம் போய்விடும். அவள் போகும்வரை காத்திருந்து, தமிழ் தெரியாத நர்ஸிடம் கேட்டிருக்கிறாள்.

விளங்கியபிறகு நான் என்ன செய்தேன் என்பதுதான் எழுதக் கூசுகிற இடம். ஒன்றும் செய்யவில்லை. நின்றேன். இடப்பக்கம் நடராஜன் சார், வலப்பக்கம் கமலா, எதிரே டாக்டர், கையில் பேனா. 'டாக்டர், அது வலியில்லை, சாப்பாடு' என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு வார்த்தை போதும். என் வாயில் வந்தது, "கொஞ்சம் யோசிக்கட்டுமா?" என்பது. டாக்டர் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்த்தார். நான் உண்மையாகவே யோசித்தேன். கெரூபோவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டால், இவர்களுக்குத் தெரியாமல் சாயங்காலம் கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று யோசித்தேன். சாயங்காலம்வரை அந்த உடம்பு தாங்குமா என்று யோசிக்கவில்லை.

அதற்குள் இரண்டு ஆட்கள் தள்ளுபடுக்கையில் புஷ்பத்தை வராந்தாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கண் குழிக்குள் போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில் கமலா நிற்பதைப் பார்த்தாள். கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு, "எங்கீங்க என்னயக் கூட்டிட்டுப் போறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வியில் உடைந்துவிட்டேன். டாக்டரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"இவளுக்கு வலி இல்லை. களி என்பது எங்கள் ஊரில் விம்பி உகாலி. இரண்டு நாளாக அதைத்தான் கேட்கிறாள்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "விம்பியா? உங்கள் வீட்டில் விம்பி சாப்பிடுவீர்களா?"

"சாப்பிடுவோம். மூன்று வேளையும் அதைத் தின்றுதான் வளர்ந்தேன். அவளும்தான்."

நடராஜன் சார் பக்கம் நான் திரும்பவில்லை. டாக்டர் தாளை மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "ஒரு மணி நேரம் தருகிறேன். சாப்பிட்டுத் தங்கவில்லை என்றால் வேன் கிளம்பும்" என்றார்.

6

கெரூபோ வீட்டுக்கு ஒரு மைல். டை கட்டிய கோலத்தில் ஓடினேன். முற்றத்தில் நான்கு வயது அமலி, கெரூபோவின் பிள்ளைகளோடு ஒரே தட்டில் கை விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ராகி உகாலியும் கீரையும். அவர்களைப் போலவே நடுவில் கட்டைவிரலால் குழி செய்து கீரையை அள்ளினாள். எங்கள் வீட்டில் சோற்றைத் துப்புகிற பிள்ளை.

அரைகுறை சுவாஹிலியில் விஷயத்தைச் சொன்னேன். கெரூபோ உடனே பானையை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் கொதித்தது. மாவைப் போட்டாள். அவள் துடுப்பை எடுப்பதற்குள் நான் வாங்கிக்கொண்டேன். அவள் தடுத்தாள். ஆண்கள் அடுப்பிடம் வருவது அங்கே வழக்கமில்லை. ஆனால் அவர்கள் உகாலி கல் மாதிரி இறுக்கம். புஷ்பத்துக்கு எங்கள் பக்கத்துப் பதம் வேண்டும். மாவை நடுவில் குவித்து, வேகவிட்டு, பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்டினேன். அம்மா காட்டு வேலைக்குப் போன நாட்களில் செய்தது. பதினைந்து வருடமாகத் தொடாத கை, ஒன்றையும் மறக்கவில்லை. கட்டி தட்டாமல் வந்தது.

கெரூபோ இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாத்தியாருக்கு இது தெரியுமா? உங்களுக்கு விம்பி ஒத்துக்கொள்ளாது, வயிற்றில் நோய் என்று புஷ்பம் சொன்னாளே."

"அவள் எப்போது சொன்னாள்?"

"ஒவ்வொரு புதன்கிழமையும். இங்கே சாப்பிடும்போது. பாவம், அவர் முன்னால் சாப்பிட்டால் அவருக்கு ஆசை வந்துவிடும் என்பாள்."

நான் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, புகை கண்ணில் பட்டதாகச் சொன்னேன். கெரூபோ மறுக்கவில்லை.

வார்டில் புஷ்பத்தைச் சாய்த்து உட்காரவைத்து, கீரைச் சாற்றில் முக்கி ஒரு சின்ன உருண்டை கொடுத்தேன். விழுங்கினாள். இன்னொன்று. குமட்டவில்லை. ஏழாவது உருண்டையில் நிறுத்தி, தண்ணீர் கேட்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வேன் கிளம்பவில்லை.

கமலா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏம்மா, இதை எங்கிட்ட கேக்கக் கூடாதா? நான் வாங்கிட்டு வந்து கிண்டித் தந்திருப்பேனே."

"மறந்துட்டேங்க அக்கா" என்றாள் புஷ்பம். அந்த நிலையிலும் எனக்காக ஒரு பொய்.

நடராஜன் சார் பாத்திரத்தில் மிச்சமிருந்ததை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பல்லில் ஒட்டியது. "மெல்லக் கூடாதா சார் இதை?" என்று கேட்டார்.

"முழுங்கணும் சார்."

"அப்ப முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். அவர் களியைத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அவர்கள் போனபிறகு, களி என்றதை நர்ஸ் என்னவென்று எடுத்துக்கொண்டாள் என்று புஷ்பத்திடம் சொன்னேன். அவள் என்னைக் கேட்டாள்.

"அந்த நர்ஸம்மா சொன்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் நின்னீங்க?"

ஏழு வருடம் ஆகிறது. வேலை அனுமதிப் படிவத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். இதற்கு மட்டும் இன்னும் எழுதத் தெரியவில்லை.

7

பையனுக்குப் பால் வந்தது. பீட்டர் என்று பெயர் வைத்தோம். எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் களி. அதில் இரண்டு நாள் நான் கிண்டுவேன். அது தண்டனை என்று புஷ்பம் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போன டிசம்பரில் ஒன்பது வருடம் கழித்து ஊருக்குப் போனோம். அண்ணன் சவரிமுத்து இப்போது நன்றாக இருக்கிறார். கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார், அரை ஏக்கர் நெல். பந்தியில் மூன்று வேளையும் சோறு. மூன்றாம் நாள் அமலி தன் தமிழில், "பெரியம்மா, களி எப்போ வரும்?" என்று கேட்டாள். பஸ்ஸைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தது.

அண்ணிக்குத் திகைப்பு. "சீமையிலேந்து வந்த புள்ளைக்குக் களியா? ஊருல என்னா பேசுவாங்க?" என்றவர், புஷ்பத்திடம், "அங்க என்னாதான் சாப்புடுவீங்க?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"களிதாங்க அக்கா. வாரத்துல ரெண்டு நாளு இவருதான் கிண்டுவாரு."

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. அண்ணன் என்னைக் கொல்லைப்பக்கம் தனியாக அழைத்துப் போனார்.

"ஏண்டா தம்பி, நல்லா சாப்புடறோம்னு சொன்னா நாங்க என்னா கண்ணு வச்சுடுவமா? கூடப் பொறந்தவங்கிட்டயே மறைக்கறீங்களே."

நஞ்சை வைத்திருக்கிறேன் என்ற பொய்யை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில் நம்பவைத்தவன் நான். களி தின்கிறேன் என்ற உண்மையைச் சொந்த அண்ணனிடம் ஒரு மாதம் சொல்லிப் பார்த்தும் முடியவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு எங்களை வயலுக்கு அழைத்துப் போனார். நெல்லைக் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். நெல்லைத் தாண்டி மேட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே கால் ஏக்கர் ராகி, அறுப்புக்கு நின்றது. எங்கள் ஊரில் நான் பார்த்த ராகி இல்லை. இடுப்புக்கு மேல் உயரம். ஒவ்வொரு கதிரும் ஒரு பிடி.

"விவசாய ஆபீசரு குடுத்த வெத. பெங்களூருப் பக்கத்துலேந்து வந்துது. கருதப் பாரு, கொழந்த கைய மூடுன கணக்கா" என்று ஒரு கதிரைத் தடவினார். "ஆப்பிரிக்கா ராகியோட கலந்து பண்ணதாம். இனிமே இதத்தான் போடப் போறேன். பஞ்சம் வந்தாலும் தாங்குமாம்."

அவர் கையில் இருந்த கதிர் எந்த மலைச்சரிவின் சாயல் என்று எனக்குத் தெரிந்தது. இந்த விதை எந்தத் துறைமுகத்தில் இறங்கி, எந்த ரசீதோடு உள்ளே வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் திடீரென்று சந்தேகத்தோடு கேட்டார். "ஏண்டா, ஆப்பிரிக்காவுல ராகி எதுக்குடா? அங்க இத யாரு திங்கறாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அமலி சொன்னாள்.

"நாங்கதான், பெரியப்பா."

அண்ணன் சிரித்துக்கொண்டே கதிரை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் பிசைந்து, ஊதி, மணியை வாயில் போட்டுக்கொண்டு வரப்பில் முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். நாம் என்றால் எதிரே நிற்பவரும் சேர்த்தி, நாங்கள் என்றால் அவர் சேர்த்தி இல்லை. அவளுக்குத் தமிழில் ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். நேற்றையும் நாளையையும் மாற்றிச் சொல்வாள். நான் திருத்திக்கொண்டே இருப்பேன். இந்த ஒரு சொல்லையும் திருத்திவிட முடியுமா என்று வரப்பு முடியும்வரை யோசித்துப் பார்த்தேன். அதில் பிழை இல்லை.